மாமனார் வண்டியின் ஆட்டம்

ஸ்டியரிங்கை அரைச் சுற்று திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்களுக்கு விஷயமே தெரிய வந்தது. அதற்குள் அந்தப் பழைய குட்டி டிராக்டர் கோழிக்கூண்டை இடித்துச் சாய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் நின்றுவிட்டது.

"இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்றாரு உங்கப்பா?" என்றார் மேலே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர். கூண்டை நிமிர்த்திக்கொண்டிருந்த மனைவி, அப்பா ஓட்டினால் கோழிகள் கண்கூடத் திறக்காது என்றாள்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டின் இரண்டாவது மருமகன். கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் மாமனார் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். 'மாப்பிள்ளை' என்ற பட்டம், எப்போதோ ஒருமுறை வாசல் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்த மூத்த மருமகனிடமே தங்கிவிட்டது. சாப்பிட உட்காரும்போது "மாப்பிள்ளைக்குப் போடு, தம்பிக்கும் போடு" என்பார் மாமனார். அந்த 'உம்' ஒவ்வொரு தடவையும் இவர் தொண்டையில் சிக்கியது.

மாமனாரும் மாமியாரும் வெளியூர் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் ஸ்டியரிங்கைச் சரிசெய்து பட்டத்தை வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

மாமனார் அந்தத் தெருவுக்கே வள்ளல். 'இல்லை' என்று அவர் வாயால் கேட்டவர் உறவில் ஒருவரும் கிடையாது. டிராக்டர் சாவி டிராக்டரிலேயே தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் தெருமுனை வரை பாம்புபோல் நெளிந்து போய், வியர்த்து விறுவிறுத்துத் திரும்புவார்கள். "என்ன பண்றது, பழைய வண்டி" என்று மாமனார் வருத்தப்படுவார். ஆனால் அவர் உழுத வயலில் சால் ஒவ்வொன்றும் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் இருக்கும். அதெல்லாம் கைராசி என்று ஊர் சொல்லிக்கொண்டது.

கண்ணாடிக்காரர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, மனைவியை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். சக்கரத்துக்குப் போகும் கம்பிகளிலும் மூட்டுகளிலும் ஒரு தேய்மானமும் இல்லை. ஆட்டம் முழுவதும் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியின் மேல் பல வருஷத்துச் சேறும் கிரீஸும் அப்பியிருக்க, ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்க முறுக்கும் ஸ்க்ரூவும் அதன் நட்டும் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தைபோல் பளபளத்தன.

மூக்கைவிட்டு இறங்கும் கண்ணாடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அவர் மனைவிக்கு விளக்கினார். ஸ்க்ரூ ஒன்றுதான், சைஸ்தான் வேறு.

டூல்ஸ் பெட்டியில் எல்லா ஸ்பேனரும் வரிசையாக இருந்தன, அந்த நட்டுக்கு உரியதைத் தவிர. வீடு முழுக்கத் தேடிய மனைவி, கடைசியில் வாசல் ஆணியிலிருந்து அதை எடுத்து வந்தாள். வீட்டுச் சாவிக்கும் பீரோ சாவிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

"எதை எங்க வைக்கணும்னே தெரியல உங்கப்பாவுக்கு."

"எங்கப்பா எதையும் இடம் மாத்தி வைக்க மாட்டாரு," என்றாள் அவள் வெடுக்கென்று.

முறுக்கினார். ஆட்டம் அடங்கியது. தெருவில் ஒரு கையால் ஓட்டிப் போய், மறு கையால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டிவிட்டு வந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கடையில் எந்தக் கண்ணாடி ஸ்க்ரூவை முறுக்கினாலும், மறுபடி கழலாமலிருக்க ஒரு சொட்டுப் பசை விடாமல் அவருக்குக் கை ஓயாது. பையிலேயே குப்பி இருந்தது. டிராக்டரின் உருவத்துக்குத் தகுந்தபடி குப்பி முழுவதையும் நட்டின்மேல் கவிழ்த்தார்.

சாயங்காலம் மாமனார் வந்து இறங்கியபோது கொட்டகை காலியாக இருந்தது. கண்ணாடிக்காரர் ஓடிப்போய் பையை வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். வண்டி சீறிப்பாயும் அழகைப் பார்த்துவிட்டு மாமனாரின் தம்பி ஏர்க்கலப்பையோடு ஓட்டிப் போயிருக்கிறார். அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர், அதற்கடுத்தது எதிர்வீட்டுக்காரர். மூத்த மாப்பிள்ளைகூட போன் பண்ணி, அறுவடை முடியும்வரை வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"இனிமே யாரு கேட்டாலும் தைரியமா குடுக்கலாம் மாமா."

மாமனார் வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்திருந்தது, அவருடைய நிலம் இன்னும் உழாமல் கிடந்தது. பிறகு வாசல் ஆணியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கையில் உருட்டிக்கொண்டே, அந்த நட்டு இனிமேல் கழலுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"உளி வச்சு அடிச்சாலும் அசையாது மாமா."

மாமனார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நன்றி மனிதரை எப்படி நெகிழ்த்திவிடுகிறது என்று கண்ணாடிக்காரர் வியந்தார். இரண்டு வருஷமாக ஏங்கிய அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மாமனார் ஏமாற்றவில்லை.

"அது ரிப்பேர் இல்ல மாப்பிள்ளை, பூட்டு."