வண்டி பார்த்த கடுவன்

கார்கள் விற்கும் வளாகமொன்றில் கடுவன் பூனையும் நிறைசூலியான அதன் துணையும் வாழ்ந்தன. குட்டி ஈன இடம் வேண்டியிருந்தது. வாங்க வருவோரைப் பார்த்துப் பழகிய கடுவன், அருகருகே நின்ற இரண்டு சிறிய எஸ்யூவிகளின் அடியிலும் மாறிமாறிப் புகுந்து வந்தது.

"வெள்ளை வண்டிக்கு அடியில நல்ல உயரம். சிவப்புல காத்து வராது; ஆனா கதகதப்பு."

"ஏங்க, வலி எடுத்துடுச்சு."

"கொஞ்சம் பொறும்மா. அவசரப்பட்டுட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது. டயரெல்லாம் இன்னும் மோந்து பார்க்கலையே!"

ஒவ்வொரு டயராக மோந்துவிட்டு அது திரும்பியபோது, சுவரோரம் சாய்ந்து கிடந்த அட்டைப்பெட்டிக்குள் மூன்று குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டது தாய்.

கடுவன் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு அதன் திறந்த வாய்க்குக் குறுக்கே படுத்துக் காற்றைத் தடுத்தது.

"நான் சொல்ல வந்ததும் இதைத்தாம்மா," என்றது.