கொசுறுக்கு வந்த மவுசு

விலைவாசி ஏறியதும் காய்க்காரர் கொசுறுக் கறிவேப்பிலையை நிறுத்திவிட்டார். "இத்தனை காய் வாங்குறேன், ஒரு கொத்து தர மனசு வரலையா?" என்று சண்டை போட்டுவிட்டு வந்த விமலா, மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைக் கன்றையே நட்டுவிட்டாள்.

கன்று தழைத்தது. அதற்குத் தலைகால் புரியவில்லை. "இனி எவளும் என்னை ஓசியில கேக்க முடியாதுடி!" என்று பக்கத்து வாளித் தக்காளிப் பழத்திடம் குதித்தது.

"அடங்குடி! சாப்பிடும்போது உன்னைத் தூக்கித்தான் எறிவாங்க," என்றது தக்காளி.

மறுநாளே இரண்டையும் பறித்து ரசம் வைத்தாள் விமலா. தக்காளி கரைந்தே போனது. கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஏய் தக்காளி, எங்கடி போனே? என்னை மட்டும் தனியா உட்கார வச்சிருக்காங்க, வந்து பாருடி!" என்று கூவியது கறிவேப்பிலை.