மூன்றாவது பன்றி

மூன்றாவது பன்றி பலிபீடத்தின் முன்னால் நிற்கிறது. பலிக்காக அதன் நெற்றியில் தூவிய உப்பு கலந்த மாவு வெயிலில் மினுங்குகிறது. பலியிடும் முறைப்படி மாமெர்கஸ் மேலாடையை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறார். அவருடைய குலம் இருநூறு ஆண்டுகளாக ஒரு சொல் பிசகாமல் செய்துவரும் பலி இது. காலையில் கொண்டுவந்த இரண்டு பன்றிகளையும் ஒதுக்கியாயிற்று. வேண்டுதல் முடிவதற்குள் குழல்காரன் பிலோ இருமி, இரண்டு முறையும் இசை அறுந்து பலி செல்லாமல் போனது. வேலிக்கு அப்பால் பக்கத்துப் பண்ணை வோபிஸ்கஸ் அத்திப்பழம் தின்றபடி நிற்கிறான்.

"என்ன பெரியவரே, கொட்டில்ல இன்னும் எத்தனை மிச்சம்?"

மாமெர்கஸ் திரும்பவில்லை. உள்ளங்கைகளை வானுக்கு விரித்து வேண்டுதலைத் தொடங்குகிறார். இடையில் வேறொரு சொல் கலந்தாலும் தெய்வம் ஏற்காது. தொலைவில் குரைக்கும் நாயையும் கழுதையின் கனைப்பையும் குழலிசை மூடிக்கொண்டு ஓடுகிறது. பன்றிகூடத் தலையைத் தாழ்த்திச் சம்மதிக்கிறது. கடைசி வரியில் பிலோவின் தொண்டை கரகரக்கிறது, இசை மெலிகிறது.

"ஊதுடா, மடையா!" வேண்டுதலின் நடுவே மாமெர்கஸ் கத்திவிடுகிறார்.

குழல் நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய, கன்னம் புடைக்க, பிலோ ஊதிக்கொண்டேதான் இருக்கிறான். வேலிப்பக்கம் சிரிப்பு வெடிக்கிறது. "செய்யட்டுமா?" என்று வழக்கப்படி கேட்டுவிட்டுப் பன்றியை அடிக்கவேண்டிய பணியாள் சம்மட்டியை மெல்லத் தரையில் ஊன்றுகிறான்.

"ஐயா, இந்தத் தடவை அவன் இல்லீங்க..."

"தெரியும்டா." துணிக்குள்ளிருந்து குரல் வருகிறது; முகம் வெளியே வரவில்லை. "அடுத்ததைக் கொண்டுவா."