கோடு விழுந்த முகம்

“வேகத்தக் கூட்டுறேன்னு அத்தா மொகத்தையே அழிச்சுட்டீகளே!”

“அழியல யாஸ்மின், திரையிலதான் அப்படித் தெரியுது.”

“அப்ப கண்ணு எங்கன இருக்கு? காட்டுங்க பாப்போம்.”

உத்தமபாளையத்து மதிய வெயில் மானிட்டரில் விழுகிறது. போன வருடம் மவுத்தாகி அடக்கமான என் மாமனார், யாஸ்மினின் அத்தா, பேசுகிற ஒரே வீடியோ இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. படம் திக்கித் திக்கி ஓடுகிறதே என்று, காலையில் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய் பிராசசர் வேகத்தை ஏற்றிவிட்டேன். படம் காட்டத் தனி வீடியோ கார்டு கிடையாது, மதர்போர்டோடு சேர்ந்து வந்ததுதான். இப்போது படம் திக்காமல் ஓடுகிறது. அவர் முகத்தில் மட்டும் அலையலையாகக் கோடுகள். குரல் தெளிவாக வருகிறது: “சாப்டியாம்மா?”

என் மனைவி முந்தானையால் திரையைத் துடைக்கிறாள். கோடு போகவில்லை. “சாப்டேன்த்தா” என்கிறாள்.

வேகத்தைக் குறைத்தால் முகம் திரும்புமா, இல்லை ஃபைலே கெட்டுவிட்டதா? அணைக்கப் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.