இருபதில் பதினாறு

இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் அட்டவணை கீறி முடித்தார். நாலு ஊர்கள். வறட்சிக்கு முன் இருந்த மாடுகள், வறட்சியில் செத்த மாடுகள். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால், எந்த ஊருக்கு இழப்பு அதிகம்?

சில்வெஸ்ரர் வாத்தியார் பிள்ளைகளின் சிலேட்டுகளை எட்டிப் பார்த்தார். செத்ததைப் பார்க்க முதல் முழுத் தொகையைப் பார் என்று ஒரு மாதமாகத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் தேறாவிட்டால் நெடுந்தீவின் இந்த ஓலைப் பள்ளிக்கூடத்துக்கு உதவிப்பணம் நின்றுவிடும். பிறகு பள்ளிக்கூடமே இல்லை.

ஐந்தாம் வகுப்பில் இருபத்தொரு பேர். பதினாறு பேர் தேறுவார்கள் என்பது அவருடைய கணக்கு. ஆனால் இருபத்தொன்றில் பதினாறு எண்பதைத் தொடாது.

அதனால் முழுத் தொகையிலேயே கைவைத்தார். கணக்கென்றால் கண் இருட்டுகிற மதலேனாவின் பெயரை வெட்டி, இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் ஆர்தான் செய்யாதது என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

சிலேட்டுகளைப் பார்த்தாயிற்று. பதினாறு சரி.

"இருபதிலை பதினாறு, நூற்றுக்கு எவ்வளவு?" இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எண்பது!" வகுப்பே கத்தியது.

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது மதலேனா செம்போடு வாசலில் வந்து நின்றாள். வள்ளத்தில் வந்து களைத்த இன்ஸ்பெக்டருக்குப் பனையில் இறக்கிய இனிப்புக் கருப்பணி. எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் அவள்தான் கொண்டுவருவாள். பெயரை வெட்டியவர் இதை மறந்துபோனார்.

இந்த முறை வந்தவர் ஊருக்குப் புது இன்ஸ்பெக்டர். குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "படிக்கிற வயசெல்லோ? இது ஆருடைய பிள்ளை?"

இருபது பிள்ளைகளும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்தார்.

"அயல் பிள்ளை, ஐயா. பள்ளிக்கூடம் வாறேல்லை."

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல வெட்கமாக இருந்தது.

மதலேனா வெறும் செம்பை வாங்கினாள். பலகையிலிருந்த கணக்கை ஒருதரம் பார்த்தாள். பிறகு வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் போயிட்டு வாறன், வாத்தியார்."

பள்ளிக்கூடத்தில் அப்பு என்று கூப்பிடாதே என்று எத்தனை தரம் அதட்டியிருப்பார்! மகள் இன்றைக்குத்தான் சொல் கேட்டாள்.