அட்டையில் ஷியோமி

அட்டைப்பட மாதிரியில் இருந்த தன் பெயரைக் குரேபயாஷி தானே சிவப்புப் பேனாவால் அடித்தார். அதன் மேல் 'ஷியோமி' என்று எழுதி, பதிப்பகத்து மினெகிஷியிடம் நீட்டினார்.

பக்கத்தில் நின்ற ஷியோமிக்குக் கண் கலங்கிவிட்டது. மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை வரையும் குரேபயாஷியிடம் பத்தொன்பது வருஷம் உதவியாளராக முதுகு ஒடிய உழைத்தவள். ஒரு புத்தகத்தில்கூட அவள் பெயர் வந்ததில்லை.

"சென்செய், படம் போட்டது நீங்க. நான் மை ஏத்தினதோட சரி" என்றாள் தன் குருவிடம்.

"வீடியோ கேமோட விக்கிற வழிகாட்டிப் புத்தகம்தானே. என் பேரு வந்து வந்து எனக்கே அலுத்துப்போச்சு. உன் பேரு வரட்டும்."

வேலை என்னவோ வழக்கம்போலத்தான் நடந்திருந்தது. வாளேந்திய வீரனை அவர் பென்சிலில் வரைந்தார். அவள் மை ஏற்றி, காய்ந்ததும் பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்தாள். இந்த முறை அவர் பக்கத்திலேயே நின்று, ஒரு கோடுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்றார். அச்சு சுத்தமாக வரவேண்டுமே என்று அவளும் கை வலிக்கத் தேய்த்தாள்.

அட்டைப்படம் இணையத்தில் வெளியான மறுநாள் காலை மினெகிஷி போன் செய்தார். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு உடனே வரவேண்டும் என்றார். பாவி மகள் பூரித்துப் போனாள். நல்ல காரியத்துக்குப் பொங்கும் சிவப்புப் பயற்றுச் சோற்றை அம்மா அடுப்பில் ஏற்றினாள்.

பதிப்பகத்துக் கூடத்தில் கேமராக்கள் நிறைந்திருந்தன. மேஜையில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. சுவரில் இரண்டு படங்களைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். ஒன்று அவளுடைய வீரன். மற்றது, பத்து வருஷத்துக்கு முன் வேறொரு ஓவியர் வரைந்த வீரன். வாளின் சாய்வும் அங்கியின் மடிப்பும் அச்சு அசலாக ஒன்றே. திருட்டுப் படத்தின் கீழே அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

மினெகிஷி அவள் முகத்தைப் பார்க்காமல் மன்னிப்புக் கடிதத்தைக் கையில் திணித்தார். படித்து முடித்ததும் இடுப்பு வரை குனிந்து, பத்து எண்ணிவிட்டு நிமிர வேண்டும் என்றார்.

கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்த குரேபயாஷியிடம் அவள் ஓடினாள்.

"சென்செய், அந்தக் கோடெல்லாம் உங்களோடது. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் அவள் கோட்டுக் காலரை அன்பாக நீவிவிட்டார்.

"எந்தக் கோடு? அதான் நீயே அழிச்சிட்டியே."