காகம் வராத திதி

மணி இரண்டரை ஆகியும் மாமனார் திதிக்கு மொட்டைமாடியில் வைத்த சோற்றை ஒரு காகமும் தொடவில்லை. காகம் எடுக்காமல் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த சர்க்கரைக்கார அத்தைக்குத் தலை சுற்றத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டில், காகம் சிகரெட் துண்டு போட்டால் கடலை தரும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கணவன் தணிகாசலத்துக்குப் போன் செய்தாள் வேதவல்லி.

“காக்கா எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?”

“முந்நூறு இருக்கும். சிகரெட் துண்டைப் பொறுக்கி மெஷின்ல போட்டுக்கிட்டே இருக்குதுங்க.”

“முன்னெல்லாம் நாலு கடலை தின்னுட்டுக் கிளம்பிடுமே.”

“அப்ப துண்டுக்கு ஒரு கடலை விழும். இப்ப எப்ப விழும்னே தெரியாது. நான்தான் அப்படி மாத்தினேன்.”

“மெஷினை நிறுத்துங்க. அத்தைக்குக் கண்ணு சொருகுது, ஜூஸும் வேண்டாங்கிறாங்க.”

“நிறுத்திப் பத்து நிமிஷமாச்சு. ஒண்ணுகூட நகரல. முன்னைவிட வேகமாப் போடுதுங்க.”

அத்தை போனை வாங்கினாள். “கடலை விழாமயேவாடா?”

“ஆமாம்மா. அடுத்த தடவை விழும்னு நினைக்குதுங்க.”



“உங்கப்பாவும் ரம்மி ஆட உட்கார்ந்தா, சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டார். அவர் அங்கதான்டா இருக்கார்.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு இலை போடும்மா.”